முனியாண்டிக்கு மோதகம்

ஜெனோவா, இத்தாலி
11 நவம்பர் 1951

அன்புள்ள சந்திரா அக்காவுக்கு,

மனோரஞ்சிதம் எழுதுவது. கடல் காற்று ஒத்துக்கொண்டு நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். அத்தானின் முழங்கால் வலி குறைந்ததா, நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று எழுதவும்.

லண்டனுக்கு ரயில் ஏற வேண்டியவர்கள் இங்கேயே தங்கிவிட்டோம். கப்பலை விட்டு இறங்கிய அன்றே இவருக்கு இந்தத் துறைமுகம் பிடித்துவிட்டது. ஊர் பார்ப்பதென்றால் ஓடித் திரியக்கூடாதாம். ஒரே தெருவில் இருந்து, ஒரே கடையில் ரொட்டி வாங்கி, ஒரே வாங்கில் உட்கார்ந்து மெல்ல மெல்லப் பழக வேண்டுமாம். அதனால் ஒரு விதவை அம்மாவின் வீட்டில் மேல் அறையை மாத வாடகைக்கு எடுத்திருக்கிறோம். பெயர் செசிலியா. யன்னலைத் திறந்தால் எதிர் வீட்டாரின் உள்பாவாடைகள் காற்றில் ஆடும், அதற்கு அப்பால் கடல். மலைமேல் ஏறுவதற்கு லிப்ட் வைத்திருக்கிறார்கள் அக்கா, பஸ் மாதிரி டிக்கெட் வாங்கி ஏறலாம்.

துளசி மாதிரி ஒரு இலையைச் சட்டியில் வளர்த்து, அரைத்துச் சம்பல் போல ஆக்கி, மாவுக் கயிற்றில் பிரட்டிச் சாப்பிடுகிறார்கள். முதலில் எனக்கு மனம் கூசியது. இப்போது பழகிவிட்டது.

நம் பெம்பான் தோட்டத்துப் பக்கத்துச் செய்தி ஏதும் உண்டா? முனியாயி சுகமாக இருக்கிறாளா?

இவரும் உங்கள் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

அன்புத் தங்கை,
மனோ

---

தெங்கேரா, மலாக்கா
25 நவம்பர் 1951

அன்புள்ள மனோவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சாகவில்லை. அத்தானின் முழங்கால் அவரிடமேதான் இருக்கிறது. அதை இழுத்துக்கொண்டுதான் கோர்ட்டுக்குப் போய், திருடனின் பொய்யை ஆங்கிலத்திலும் துரையின் எரிச்சலைத் தமிழிலும் சொல்லிவிட்டு வருகிறார்.

ரப்பர் விலை ஏறினாலும் ஏறியது, தோட்டத்து ஆபீஸ் கணக்கெழுதுகிற பெரிய கிராணி, உன் புருஷன் கனகரட்ணம், லண்டன் போகிறார் என்று பெம்பானில் இருந்து தெங்கேரா வரை தண்டோரா போட்டீர்கள். நீண்ட விடுமுறை வாங்கி, மாலை போட்டு, படம் எடுத்துப் போனவர்கள் எதிர் வீட்டுக்காரியின் உள்பாவாடையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். ஒரே கடையில் ரொட்டி வாங்குவதற்கு இத்தாலி எதற்கு? நான் இருபது வருஷமாகத் தெங்கேராவில் ஒரே கடையில்தான் ரொட்டி வாங்குகிறேன். எனக்கு ஒருவரும் மாலை போடவில்லை. துளசியை அரைத்துத் தின்பதை மாமியாருக்கு எழுதிவிடாதே.

பெம்பான் செய்தி கேட்டாய். உன் சமையல்காரி முனியாயி கம்பி வேலிக்கு வெளியே பலகாரக் கூடையோடு பிடிபட்டு உள்ளே இருக்கிறாள். நீங்கள் கப்பல் ஏறுவதற்கு முதல் நாள் நடந்ததாம். ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவன் மத்தியானச் சோறுகூட வேலி தாண்டிக் கொண்டுபோக முடியாத காலத்தில், காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்ட் துப்பாக்கிக்காரர்களுக்குக் கூடை நிறையக் கொண்டு போயிருக்கிறாள். தோட்டத்துச் சனத்துக்கு மூளை அவ்வளவுதான். உனக்குத் தெரியாமல் இருக்காதே, போலீஸ் முதலில் உன் வீட்டுக்குத்தானே வந்தது?

குளிர் என்று கண்டதைக் குடிக்காதே.

அக்கா,
சந்திராதேவி

---

ஜெனோவா
20 டிசம்பர் 1951

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதத்தை இவர் வாசித்துவிட்டுச் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.

இங்கே ஒவ்வொரு சந்தி முடக்கிலும் சுவரில் ஒரு மாடம் கட்டி மாதா சிலை வைத்திருக்கிறார்கள். மீன் விற்கிற பெண்கூட நின்று பூ வைத்துவிட்டுத்தான் போவாள். கோயிலுக்குள் வெள்ளியில் செய்த இருதயங்கள் தொங்குகின்றன. கப்பல் உடைந்து பிழைத்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், எல்லாரும் நேர்த்திக்காகக் கொடுத்தவை. இவர் மாதாவின் முன்னால் தொப்பியைக் கழற்றுகிறார். நாகரிகமான பக்தி என்கிறார். நானும் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன்.

கடலை மாவைக் கரைத்துப் பெரிய செப்புத் தட்டில் ஊற்றிச் சுடுகிறார்கள். சூடாகத் தின்றால் நம் நாக்குக்குப் பிடிக்கிறது. எனக்கு இப்போது அடிக்கடி பசி வருகிறது.

அந்தப் பெண் விசாரணையில் ஏதும் கதைத்தாளா? சும்மா கேட்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

மனோ

---

தெங்கேரா
14 ஜனவரி 1952

மனோவுக்கு,

பொங்கல் வாழ்த்து. இங்கே அரிசி அளந்து கொடுக்கிறார்கள், அதனால் பொங்கலும் அளந்துதான் பொங்கியது. சுகத்துக்குக் குறைவில்லை.

சும்மா கேட்டாய். நான் சும்மா சொல்கிறேன்.

போன கிழமை முனியாயியின் வழக்கு விசாரணைக் குழு முன் வந்தது. மொழிபெயர்க்கப் போனவர் உன் அத்தான். கூடையில் என்ன இருந்தது என்று துரை கேட்க, பிடித்த போலீஸ்காரன் அவித்த மாவு உருண்டை என்றானாம். உள்ளே என்ன என்று மறுபடி கேட்க, வறுத்த பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் என்றானாம். உருண்டையின் தலையில் குடுமி மாதிரிச் சுற்றி மடித்திருந்ததையும் சொல்லியிருக்கிறான். அத்தான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டே இதைச் சொன்னார். நான் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டேன்.

பயறு வைத்த யாழ்ப்பாணத்து மோதகம், மனோ. நம் அம்மா பிடித்துக் காட்டிய மடிப்பு. தோட்டத்துப் பெண் எவள் பயறு வறுத்து மோதகம் அவிக்கிறாள்?

தோட்டத்துச் சனம் குடியிருக்கிற லயங்களையெல்லாம் ஒன்றாகக் கூட்டிக் கம்பி வேலி போட்டபோது முனியாண்டி கோயில் வேலிக்கு வெளியே காட்டோரம் போய்விட்டதல்லவா. அவள் போன பாதை அந்தப் பாதை. துப்பாக்கிக்காரனுக்கு அல்ல, முனியாண்டிக்குத்தான் கொண்டு போயிருக்கிறாள். அந்தச் சாமிக்குக் கிடாயும் கள்ளும் சுருட்டும் வைப்பார்கள் என்று தோட்டத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பிள்ளையார் என்று நினைத்து முனியாண்டிக்கு மோதகம் அவித்து அனுப்புகிற கெட்டிக்காரி மலாயா முழுக்கத் தேடினாலும் ஒருத்திதான் அகப்படுவாள். அவள் இப்போது மாதாவின் முன்னால் முந்தானை போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் பிள்ளையில்லாமல் நீ பட்டது எனக்குத் தெரியும். நேர்த்தி வைத்ததில் குற்றமில்லை. யாருடைய நேர்த்தி என்று நீ எழுதியே ஆக வேண்டும். முனியாயி வாயைத் திறக்கவில்லை.

சந்திரா

---

ஜெனோவா
2 பெப்ரவரி 1952

மதிப்புக்குரிய மச்சாள் அவர்களுக்கு,

தாங்களும் அத்தானும் சேமமென நம்புகிறேன்.

மனோரஞ்சிதத்துக்கு வந்த கடிதத்தை நான்தான் திறந்தேன். அவளிடம் கொடுக்கவில்லை. அவள் மூன்று மாதக் கர்ப்பிணி. இந்த வயதில் கப்பல் பிரயாணமும் மனக்கலக்கமும் கூடாது என்று இங்குள்ள டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். எனவே பிரசவம் வரை இங்கேயே தங்குகிறோம். தோட்டத்து மனேஜருக்கு எழுதி விடுமுறையை நீட்டியாகிவிட்டது.

என் வீட்டிலிருந்து எந்த உணவுப் பொருளும் வெளியே போகவில்லை என்று போலீசாரிடம் நான் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. இப்போதும் தெரிந்துகொள்ள விரும்பவில்லை. ஒரு கூலிப் பெண்ணின் பேய்ச்சாமி விவகாரத்தில் என் பெயரும் என் மனைவியின் பெயரும் வருவதை அனுமதிக்க முடியாது. தாங்கள் படித்த குடும்பத்துப் பெண். இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

தங்கள் உண்மையுள்ள,
வி. கனகரட்ணம்

---

தெங்கேரா
16 பெப்ரவரி 1952

மனோவுக்கு, உறையைக் கிழித்து முதலில் வாசிக்கப் போகிற கனகரட்ணத்துக்கும்,

செய்தி கேட்டு நான் அழுதேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன். நல்லபடியாகப் பெற்றெடு. கால் வீங்கினால் உப்பைக் குறை. அந்த மலை லிப்டில் அதிகம் ஏறாதே.

இனி மற்றது. சந்தி முடக்கில் மீன்காரி கும்பிட்டால் நாகரிகமான பக்தி. பெம்பானில் முனியாயி கும்பிட்டால் பேய்ச்சாமி. தொப்பியைக் கழற்றத் தெரிந்த மனிதருக்கு, அதற்குக் கீழே ஒரு தலை இருப்பது ஞாபகமில்லை. கையெழுத்துப் போட்டபோது தெரியாது என்கிறார். தெரிந்த பிறகு அந்தக் கையெழுத்தை மாற்றக் கை வரவில்லை. அதைவிடப் பெண்டாட்டியின் கடிதத்தை ஒளிப்பது சுலபம்.

நான் முனியாயியைப் போய்ப் பார்த்தேன். நான் தோட்டத்துச் சனத்தைப் பற்றி எழுதியதை நீயே வாசித்தாய், அதனால் எந்த முகத்தோடு போனேன் என்று உனக்குத் தெரியும். அவள் மெலிந்து போயிருக்கிறாள். உனக்குப் பிள்ளை உண்டாகியிருக்கிறது என்றதும் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு கையாலும் கும்பிட்டாள். யார் அனுப்பினார்கள் என்று சொல்லிவிடேன், விட்டுவிடுவார்கள் என்றேன்.

"அதெப்படிங்க பெரியம்மா சொல்றது? நேத்தி நெறவேறாம பேரச் சொல்லக் கூடாதுலா. அம்மா நல்லபடியா பெத்து வரட்டும். நான் இங்க சும்மாதான இருக்கேன்" என்றாள்.

நீ செய்ய வேண்டியது சின்ன வேலை. அந்த ஊரில் பிரிட்டிஷ் கான்சல் ஆபீஸ் இருக்கும். படி ஏறிப் போய், மோதகம் அவித்தது நான், அனுப்பியது நான் என்று சத்தியக் கடதாசி எழுதி அனுப்பு. பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

சந்திரா

---

ஜெனோவா
28 மார்ச் 1952

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். இந்தக் கடிதத்தை இவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உங்கள் கடிதங்கள் இரண்டையும் செசிலியா அம்மா தேடி எடுத்துத் தந்தார்.

என்னால் முடியாது அக்கா. நேர்த்தியை வெளியே சொன்னால் பலிக்காது என்று எனக்கு முதலில் சொன்னவளே முனியாயிதான். படையல் முடிந்து மிச்சத்தோடு திரும்பி வருகிற வழியில்தான் அவளைப் பிடித்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் எனக்கு இது தங்கியிருக்குமா? சாமி ஏற்றுக்கொண்டுவிட்டது. இந்த நேரத்தில் நான் வாய் தவறினால் என்ன ஆகும் என்று நினைக்கவே வயிற்றைப் பிசைகிறது. ராத்திரியில் கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். அசைகிறது.

ஆவணியில் பிறந்துவிடும். அன்றைக்கே எழுதுகிறேன், யார் தடுத்தாலும் எழுதுகிறேன். அதுவரை முனியாயி பொறுப்பாள். அவளே சொல்லியிருக்கிறாளே, சும்மாதான் இருக்கிறேன் என்று.

என்னைக் கோபிக்க வேண்டாம்.

மனோ

---

தெங்கேரா
12 ஏப்ரல் 1952

மனோவுக்கு,

நாங்கள் சுகம். முனியாயி சும்மா இல்லை. அவளை நாடு கடத்த உத்தரவு வந்துவிட்டது. ஜூனில் கப்பல். புருஷன் இருளாண்டியும் கூடப் போகிறான். இருவரும் பிறந்தது பெம்பானில். இந்தியாவை அவர்கள் படத்தில்கூடப் பார்த்ததில்லை. நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டால் எந்தப் பக்கம் திரும்புவது என்று இருளாண்டி என்னிடம் கேட்டான். எனக்கு யாழ்ப்பாணத்துக்குத்தான் வழி தெரியும்.

நானே அதிகாரியிடம் போனேன். இந்த மோதகம் எங்கள் சாதிப் பலகாரம், இந்த மடிப்பு என் தாயின் மடிப்பு என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, பலகாரத்தின் மடிப்பைச் சாட்சியாகப் பதிவு செய்யச் சட்டத்தில் இடமில்லை அம்மா என்றார். முனியாயியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான்தான் செய்தேன், கிராணி வீட்டில் வேலை பார்த்துப் பழகினேன் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

உனக்கு வயிற்றைப் பிசைகிறதாம். அவளுக்கு வயிறே இல்லை என்று நினைத்தாயா? நீ வாங்கில் உட்கார்ந்து கடல் பார். அவள் பார்க்கப் போகிற கடலுக்கு வாடகை நீ கொடுக்க வேண்டியதில்லை.

ஜூனுக்கு முன் எழுது. தந்தி என்றாலும் போதும்.

சந்திரா

---

(படக் கடதாசி: துறைமுகமும் கலங்கரை விளக்கமும்)

ஜெனோவா
19 மே 1952

அக்காவுக்கும் அத்தானுக்கும், இருவரும் நலம். வெயில் தொடங்கிவிட்டது. கடல் மிகவும் வடிவாக இருக்கிறது. மனோ, கனகரட்ணம்.

---

ஜெனோவா
25 ஆகஸ்ட் 1952

அன்புள்ள அக்காவுக்கு,

போன திங்கட்கிழமை பெண் குழந்தை பிறந்தது. இருவரும் சுகம். நிறம் இவர் போல, நெற்றி நம் அம்மாவைப் போல. வீட்டுக்கார அம்மா செய்த உதவிக்காகச் செசிலியா என்று பெயர் வைத்திருக்கிறார் இவர். கூப்பிட நாகரிகமாகவும் இருக்குமாம்.

சொன்னபடி செய்துவிட்டேன். படுக்கையில் இருந்தபடியே கான்சல் ஆபீஸ் ஆளை வரவழைத்துச் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டேன். இவர் அறையை விட்டு வெளியே போய்விட்டார். கடதாசியை இத்துடன் வைத்திருக்கிறேன். அத்தானிடம் கொடுத்து உரிய இடத்தில் சேர்ப்பியுங்கள். கப்பல் பிந்தியிருக்கும் என்று ஒரு நம்பிக்கை எனக்கு. அங்கே எதுதான் சொன்ன நாளில் நடக்கிறது.

ஏப்ரலுக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. இனியாவது எழுதுங்கள் அக்கா. முனியாயியிடம் சொல்லுங்கள், நேர்த்தி பலித்துவிட்டது, மகளின் முதல் முடியைப் பெம்பானுக்குக் கொண்டுவந்து முனியாண்டிக்கே இறக்குவேன் என்று.

உங்கள் மனோ

---

தெங்கேரா, மலாக்கா
9 செப்டம்பர் 1952

மனோவுக்கு,

குழந்தையும் நீயும் சுகமென்று அறிந்தேன். அத்தானுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை.

கப்பல் பிந்தவில்லை. ஜூன் மாதத்தில் சொன்ன நாளில் போனது. உன் கடதாசியைத் திருப்பி அனுப்புகிறேன். இங்கே அதை வாங்க ஆளில்லை. பெட்டிக்குள் வைத்துக்கொள், செசிலியாவுக்கு விளையாட உதவும்.

ஏப்ரலுக்குப் பிறகு நான் எழுதாததற்குக் காரணம் உண்டு. எழுதியிருந்தால் உண்மையை எழுத வேண்டி வந்திருக்கும். நீ பிள்ளை பெறும்வரை பொறுத்தேன். உனக்காக அல்ல, வயிற்றில் இருந்ததற்காக.

லாரியில் ஏற்றுவதற்கு முன் முனியாயியைப் பார்க்க விட்டார்கள். வழிக்கு என்று மோதகம் அவித்துக் கொண்டு போனேன். பயறு வைத்த மோதகம். காவல்காரன் பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தான். அவள் ஒன்றை இருளாண்டிக்குக் கொடுத்துவிட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மாவுக்கு எத்தன மாசம்லா பெரியம்மா?"

ஏழு என்றேன்.

"கடைசி மட்டும் இருந்து பாக்கத்தான் நெனச்சேன், விடல. பெரியம்மா, ஒன்னு சொல்றேன், அம்மாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. அன்னைக்கு நான் சாமிக்கு வைக்கவே இல்ல. போற வழியிலேயே புடிச்சிட்டாங்க. ஒவ்வொன்னா பிச்சுப் பாத்துட்டு, எல்லாத்தையும் வாய்க்கால்ல கொட்டிட்டாங்க. பேரச் சொன்னா விசாரிப்பாங்க, படைச்சியா இல்லியான்னு கேப்பாங்க. அது அம்மா காதுக்குப் போயிரும். படையல் போய்ச் சேரலன்னு தெரிஞ்சா அவங்க மனசு ஒடைஞ்சிரும், உள்ள இருக்கறது தங்காது. அதான் நான் வாயத் தொறக்கல."

பிறகு லாரி போய்விட்டது.

ஆகவே கேள், மனோ. முனியாண்டி உன்னிடம் எதையும் வாங்கவில்லை. உனக்குப் பிள்ளை கொடுத்ததும் அவன் இல்லை. நீ ஏழெட்டு மாதம் வாயைப் பொத்திக் காத்த நேர்த்தி, நீ கப்பல் ஏறுவதற்கு முன்பே பெம்பான் வாய்க்காலில் ஊறிக் கிடந்தது. நீ பங்குனியில் சத்தியம் செய்திருந்தாலும் செசிலியா பிறந்திருப்பாள். முனியாயி இங்கே இருந்திருப்பாள். முடி இறக்க வருகிறேன் என்றாய். வா. கோயில் அங்கேயேதான் இருக்கிறது, வேலிக்கு வெளியே. கூடை தூக்க ஆள் கிடையாது, நீயேதான் தூக்க வேண்டும்.

உன்னிடம் சொல்லிவிடக் கூடாது என்று அவள் என் கையைப் பிடித்துக் கேட்டாள். அவள் நல்லவள். நான் நல்லவள் இல்லை, அதனால் எழுதினேன்.

குளிர்காலம் வருகிறது. குழந்தைக்குத் தடிமன் பிடிக்காமல் பார்த்துக்கொள்.

சந்திராதேவி